அத்தானின் புது ஸாஹேப்

அக்கா போனில் அழுதுகொண்டே சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "ஏட்டி மெர்சி, அத்தான் சொரண்டிட்டாவ."

எதைச் சுரண்டினார், எங்கே சுரண்டினார், ரத்தம் வந்ததா என்று நான் பதறினேன். ரத்தமெல்லாம் இல்லை. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அத்தான் சமையலறைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாராம். 'இயேசுவே ஆண்டவர்' என்று எழுதிய ஸ்டிக்கர். அக்கா திருநெல்வேலிக்கு வந்து போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று வாங்கிப் போய், வெளுத்துப்போனதன் மேலேயே ஒட்டுவாள். ஒட்டி ஒட்டி அது ஒரு தோசை கனத்துக்கு வந்திருந்தது.

அத்தான் பெயர் தனசேகரன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாம் புனேயில். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடு. எங்கள் அக்கா ஜெயராணி நர்ஸ் வேலைக்குப் புனே போன இடத்தில், இயந்திரத்துக்குள் விரலைக் கொடுத்துவிட்டு வந்து நின்ற இவருக்குக் கட்டுப் போட்டாள். அந்தக் கட்டு கல்யாணத்தில் போய் முடிந்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தமிழ்ச் சபையில் இறக்கிவிடுவார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து வடா பாவ் சாப்பிட்டபடி காத்திருப்பார். உள்ளே அக்கா அவருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபம் பண்ணுவாள். இரண்டு பேரும் திருப்தியாக வீடு திரும்புவார்கள்.

"இப்பம்லாம் டீக்கடையிலயும் ஆளக் காணல, மெர்சி. ஆராதன முடிஞ்சு வெளிய வந்தா, எங்கயிருந்தோ வேர்த்து வடிய ஓடி வாராவ. கேட்டா சும்மாங்காவ. இருந்த ஸ்டிக்கரும் போச்சு. நீ வந்து பேசு. ஒனக்குத்தான் அந்தத் தலைப்பு தெரியுமே."

அந்தத் தலைப்பு எனக்குத் தெரியும்தான். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர். 'இயேசுவை ஆண்டவர் என்று ஏற்றுக்கொள்ளுதல்' என்ற பொருளில் அறிதல், அறிக்கையிடுதல், அடிபணிதல் என்று மூன்று குறிப்புகளும் 'அ'வில் தொடங்கும்படி ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அதுதான். அல்வாவையும் அந்தப் பிரசங்கத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

லோஹேகாவ் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது நல்ல பகலில் குளிர்ந்த காற்று அடித்தது. பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு மட்டும்தான் ஸ்வெட்டர், அதுவும் போட்டோ எடுக்கும்வரை.

அக்கா வீடு ஆளந்தி ரோட்டில், விஷ்ராந்த்வாடியில். அந்த இரண்டாவது பெயர் என் வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை முயன்றேன். ஆட்டோக்காரர் பக்கத்திலிருந்த சிற்றுண்டிக் கடையைக் கைகாட்டினார். நான் சொன்னதில் 'வடை' மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். விலாசம் போனில் இருந்தது. காட்டியிருக்கலாம். ஆனால் தமிழ் நடத்திய வாய்க்கு ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரியாதா என்ற திமிர். சுருக்கமாக "ஆளந்தி" என்றேன். அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். பையை வாங்கிப் பூப்போல உள்ளே வைத்தார். புனே ஆட்டோக்காரர்களைப் பற்றி அக்கா சொன்னதெல்லாம் அவதூறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளந்தி ரோடு வேறு, அந்த ரோடு போய்ச் சேரும் ஆளந்தி வேறு என்பது, வீடுகள் குறைந்து வெள்ளைக் குல்லாய் போட்ட கூட்டம் தாளத்தோடு நடந்து போவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது ஒரு மகானின் சமாதி இருக்கும் புண்ணிய ஊர். அன்றைக்குப் பார்த்து ஏகாதசி. ஆட்டோக்காரர் என்னை ஆற்றங்கரைப் பக்கம் பக்தியோடு இறக்கிவிட்டுத் தானும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அங்கே எல்லோரும் எல்லோரையும் "மாவுலி" என்றார்கள். பூக்காரர் மாவுலி, போலீஸ்காரர் மாவுலி, என் காலை மிதித்தவரும் "மன்னிச்சுக்கோ மாவுலி" என்றார். மாவுலி என்றால் தாய் என்று பிறகு அத்தான் சொன்னார். பசித்ததால் ஒரு கடையில் உட்கார்ந்தேன். விரதச் சாப்பாடு மட்டும்தான் என்று சொல்லி ஜவ்வரிசிக் கிச்சடி வைத்தார்கள். நெய், வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, மேலே தயிர். இப்படி விரதம் இருக்கலாம் என்றால் நான் வருஷம் முழுவதும் இருப்பேன்.

கடையை விட்டு வெளியே வரும்போது நெற்றியில் ஈரமாக ஏதோ பட்டது. தட்டும் பித்தளை அச்சுமாக நின்ற ஒருவர் போவோர் வருவோர் நெற்றியிலெல்லாம் சந்தன நாமம் பதித்துக்கொண்டிருந்தார். கூட்டம் தள்ளியது. துடைக்கக் கைக்குட்டையைத் தேடுவதற்குள் இன்னொரு ஆட்டோ கிடைத்தது. விலாசத்தைக் காட்டி ஏறினேன். வழியெல்லாம் பிரசங்கத்தின் முதல் குறிப்பை மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில் நெற்றி மறந்துபோயிற்று.

அக்கா கதவைத் திறந்தாள். ஒரு கணம் பார்த்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி! நீயுமா?"

உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அத்தான், "அரே, மெர்சியா! வாம்மா வாம்மா. நாமம் உனுக்கு ஏக்தம் சூப்பரா கீது" என்றார். மனந்திருப்ப வந்தவளின் முதல் நாள் இப்படி ஆனது.

மாலையில் குடும்ப ஜெபம். அக்கா முழங்காலில் நின்று ஆரம்பித்ததும், கீழே ஜன்னலுக்கு நேராக ஒரு கார் உறுமத் தொடங்கியது. நகரவில்லை, நின்ற இடத்திலேயே உறுமியது. அக்காவும் குரலை உயர்த்தினாள். "ஆண்டவரே, அந்த ஜாதவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று அவள் சொன்ன தொனியில், அந்தக் கரம் அவரை என்ன செய்ய வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என்பது தெளிவாக இருந்தது.

ஜாதவ் கீழ்வீட்டுக்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தின் கீழே வாதாம் மரத்தடியில் ஒரே ஒரு நிழல் இடம். காரை அங்கே நிறுத்துவது தன் உரிமை என்பது ஜாதவ் கட்சி. ஸ்கூட்டரை அங்கே குறுக்காக நிறுத்துவது நம் உரிமை என்பது அக்கா கட்சி. ஸ்கூட்டர் இல்லாத நேரத்திலும் இடம் பறிபோகாமல் இருக்க அக்கா கள்ளிச்செடித் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். நல்ல நீளமான முள். பதிலுக்கு ஜாதவ் ஜெப நேரத்தில் காரை உறும விடுவார். பல வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மறுநாள் அத்தான் மட்டன் வாங்கக் கிளம்பினார். இதுதான் சமயம் என்று ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். 'அறிதல்' என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். ஆனால் அத்தான் வண்டி ஓட்டிய விதம் என் வாயை மூடிவிட்டது. மஞ்சள் விளக்குக்கு நின்றார். யாருமே இல்லாத சாலையில் கோட்டுக்குப் பின்னால் நின்றார். எங்களுக்குப் பின்னால் புனே நகரமே ஹாரன் அடித்தது. அந்த ஊரில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வெயிலுக்கும் தூசுக்கும் பயந்து துப்பட்டாவால் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்க அழகான கொள்ளைக்காரிகள். அப்படி ஒரு கொள்ளைக்காரி எங்களைக் கடக்கும்போது மராத்தியில் ஏதோ சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா போனா நேத்துக்குப் போய்ச் சேந்துடுவீங்க அங்கிள்ன்றா" என்று அத்தான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"அத்தான், ஸ்டிக்கரை ஏன் எடுத்தீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். கைகாட்டிவிட்டுத்தான் கட்டினார்.

"போன மாசம்மா. யூ டர்ன் ரொம்ப தூரம், ராங் சைடுல பூந்துட்டேன். தெனமும் பூர்றதுதான். டிராஃபிக் ஹவல்தார் ஒருத்தன் புட்ச்சிட்டான். சின்ன வயசு, மீச கூட சரியா மொளைக்கல. ஸ்டிக்கரக் காட்டி இது இன்னா பாஷை, இன்னா எழுதிக்கீதுன்னான். தமிழு, யேசுதான் ஸாஹேப்னு எழுதிக்கீதுன்னேன். அவன் சிரிக்கவே இல்ல. அப்போ ராங் சைடுல வரச் சொல்லி ஸாஹேப்தான் ஆர்டர் குட்த்தாரான்னு கேட்டான்."

"அப்புறம்?"

"போன்னு விட்டுட்டான். ஃபைன் போட்டிருந்தா மறந்திருப்பேன்."

ஒரு பெரிய லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. அத்தான் அதைக் கவனிக்கவில்லை.

"ஃபேக்டரில எத்தினி ஸாஹேப்ப பாத்தவன் நானு! சில ஸாஹேப்புக்குக் கதவு மேல பேரு மட்டும்தான் இருக்கும். ஆர்டரு வேற எவனோ குடுப்பான். அதே மாதிரி வண்டி மேல அவர் பேரு, ஆர்டர் குடுக்கறது நானு. அது அவருக்கு அசிங்கம் இல்லியா? அதான் சொரண்டிட்டேன். மொதல்ல அவர் சொல்றபடி ஓட்டிப் பாப்போம், அப்புறம் போர்டு மாட்டலாம்னு. ஓட்ட ஆரம்பிச்சா, வண்டியோட நிக்கலம்மா அது. பொய் சொல்ல வந்தா அவரு. மார்க்கெட்ல கத்திரிக்கா பொறுக்கும்போது அவரு. எங்க போனாலும் வந்து நிக்கறாரு. சரி, வந்துட்டாருன்னு பாஸ்டர் கைல போயி சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கெயம ஞானஸ்நானம்."

நான் சாலை ஓரத்தில், மட்டன் வாங்க எடுத்த வெறும் பையோடு நின்றேன். அக்காவின் முப்பது வருஷ ஜெபத்துக்குப் பதில் மீசை முளைக்காத ஒரு போக்குவரத்துக் காவலர் வடிவில் வந்திருந்தது. என் மூன்று 'அ'க்களையும் இவர் ராங் சைடிலேயே கடந்து போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வடா பாவை விட்டுவிட்டு, சபை நடக்கும் மாடிக்கு வெளிப்படிக்கட்டு வழியாக ஏறி நின்று ஜன்னலோரமாகப் பிரசங்கம் கேட்டிருக்கிறார். முடியும்போது அக்கா பார்ப்பதற்குள் இறங்கி ஓட வேண்டும். அதுதான் அந்த வேர்வை.

"அக்காகிட்ட ஏன் சொல்லல? சந்தோஷத்துல ஊரையே கூட்டிருப்பாளே!"

"அதான் பயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு மேட்டரு கீது. ரட்சகர்னா ஒத்துக்கறது சுலபம்மா. காப்பாத்த வர்றவர வேணாம்னு எவன் சொல்வான்? இந்த ஆண்டவருன்றதுதான் மெஹங்கா, வெல ஜாஸ்தி. உனுக்கு எத விடறது ரொம்ப கஷ்டம்னு பாஸ்டரு கேட்டாரு. நான் யோசிச்சுப் பாத்து, பார்க்கிங்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. அப்பால நெசமாத்தான் சொல்றேன்னு தெரிஞ்சு சிரிப்ப நிறுத்திட்டாரு. ஜாதவ் கைல போயி இடம் உன்துன்னு சொல்லணும். உங்கக்கா வுடுவாளா?"

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். அத்தானின் அண்ணன் புனேயிலேயே கட்கியில் இருக்கிறார். கூழ் ஊற்றுவதை இரண்டு பேரும்தான் சேர்ந்து நடத்துவார்கள்.

"சொன்னேன். தீபாவளிக்கு என் வூட்டுக்கு முறுக்கு சாப்பிட வருவியா மாட்டியா, அத மட்டும் சொல்லுன்னான். வராம இருப்பேனான்னேன். சிரிச்சான். வழக்கமா அரை மணி நேரம் பேசுவான். அன்னிக்கு உடனே போன வெச்சிட்டான்."

சனிக்கிழமை அத்தான் என்னைப் பாஸ்டர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்காவிடம் பாக்கர்வடி வாங்கப் போவதாகச் சொன்னேன். காரமும் இனிப்புமாகச் சுருட்டிப் பொரித்த புனேப் பலகாரம். அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய டப்பா நிறையப் பாக்கர்வடி இருந்தது. நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

பாஸ்டர் இளைஞர். ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகும் கேள்வியை ஒருமுறை ஒத்திகை பார்த்தார். "இயேசு கிறிஸ்துவே உங்கள் ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறீர்களா?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "ஒரு டவுட்டு பாஸ்டர். எனுக்குத் தமிழ் அவ்ளோவா படிக்க வராது. ஆண்டவர்னா, முன்னாடி ஆண்டவருதானே? அப்போ இப்ப யாரு ஆளறது?"

பாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இறையியல் கல்லூரியில இதை யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.

உதவி செய்யும் எண்ணத்தில் நான் குறுக்கிட்டேன். "அது வினையாலணையும் பெயர். ஆண்ட என்பது இறந்தகாலம் காட்டும். நிகழ்காலம் என்றால் ஆள்கிறவர், எதிர்காலம் என்றால் ஆள்பவர்..."

"பாத்தீங்களா, டீச்சரே சொல்லிட்டாங்க. ரிட்டயர் ஆனவரு" என்றார் அத்தான்.

பாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கிறிஸ்தவ அன்பு குறைவாக இருந்தது. சற்று யோசித்துவிட்டு, "இப்படி வெச்சுக்குவோம். அவர் பேர்ல இருக்கிற இறந்தகாலத்தைத் தமிழ் பாத்துக்கும். நிகழ்காலத்தை நீங்க பாத்துக்கோங்க" என்றார். அத்தானுக்கு அது பிடித்துவிட்டது. எனக்கும்தான். என் பிரசங்கத்தில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது.

முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கண் மட்டும் தெரிய ஒரு கொள்ளைக்காரி நின்றாள். பாஸ்டர் எழுந்து நின்றார். கொள்ளைக்காரி திருநெல்வேலித் தமிழில் பேசினாள்.

"பாக்கர்வடி இங்கதான் விக்காவளா?"

எங்களுக்குத் தெரியாமல் பின்தொடர மாறுவேடம் போட்டு, ஆட்டோவில் வந்திருந்தாள். அத்தான் மெதுவாக நடந்ததைச் சொன்னார். அக்கா துப்பட்டாவை அவிழ்க்க அவிழ்க்க அழுதாள். அது ஈரமாகி மூக்கில் ஒட்டிக்கொண்டதால் நானும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். காவலர் கதை வந்தபோது மட்டும் அழுகை சற்று நின்றது. "முப்பது வருசம் நான் முட்டி தேய ஜெபம் பண்ணுனேன். டிராபிக் போலீசா?" பிறகு அதையும் மன்னித்துவிட்டு மறுபடி அழுதாள்.

"ஒண்ணு பாக்கி கீது, ராணி" என்றார் அத்தான். "நாளைக்கு முன்னாடி ஜாதவ் கைல போயி, இடத்த நீயே எடுத்துக்கோன்னு சொல்லணும்."

அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பாஸ்டர் ஜன்னல் வழியாக வெளியே இருந்த ஒரு மாட்டைப் பார்த்தார்.

"நம்ம பக்கம் நியாயம் இருக்குல்லா?" என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, "நீ சொல்லு மெர்சி, ஒன் தலைப்புல பார்க்கிங் வருதா?" என்றாள். மூன்றாவது குறிப்பு அடிபணிதல். அதைப் பல ஊர்களில் பேசியிருக்கிறேன். ஒரு ஊரிலும் பார்க்கிங் வந்ததில்லை.

அன்று பிற்பகலிலேயே அல்வாவை எடுத்துக்கொண்டு மூவரும் கீழே இறங்கினோம். அக்கா கடைசியாக, படிக்குப் படி நின்று வந்தாள். ஜாதவ் கதவைத் திறந்தார். விறைப்பான ஆள், முறுக்கிய வெள்ளை மீசை. அத்தான் மராத்தியில் பேசியதையும் அவர் பதில் சொன்னதையும் பிறகு அத்தானே எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

"எனக்குப் புது ஸாஹேப் வந்திருக்கார். மரத்தடி இடத்தை உங்களுக்கு விடச் சொல்லிட்டார்" என்றிருக்கிறார் அத்தான்.

"யார் அது?"

"யேசு."

ஜாதவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்போ தேர்ந்தெடுத்தாங்க? பொதுக்குழு கூட்டாம நம்ம குடியிருப்பு ஸொசைட்டிக்குப் புதுச் செயலாளர் எப்படி வரலாம்? எனக்கு ஏன் தகவல் சொல்லல?"

சபையில் இருக்கும் யேசு, சிலுவையில் அறைந்த யேசு என்று அத்தான் கையை விரித்துக் காட்டி விளக்க வேண்டியிருந்தது. ஜாதவ் அமைதியானார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவைக் காட்டிக் கேட்டார்: "அண்ணாவுக்குப் புது ஸாஹேப், சரி. அண்ணிக்கு?"

"அவளுக்குப் பழைய ஸாஹேப்தான். பொறந்ததுலேருந்து அவரேதான்" என்றார் அத்தான் பெருமையாக.

"ஓஹோ" என்றார் ஜாதவ். "அப்படின்னா இத்தனை வருஷமா அந்தக் கள்ளிச்செடி யார் ஆர்டர்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்காவுக்கு மராத்தி அவ்வளவாக வராது. ஆனால் இது புரிந்துவிட்டது. அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவள் திரும்பி, வெளியே போய், மரத்தடியில் குனிந்து முதல் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். கள்ளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அவள் அலறவில்லை. அடுத்ததையும் தூக்கினாள்.

நான் ஓடினேன், அத்தான் ஓடினார். ஆனால் முதலில் போய்ச் சேர்ந்தது ஜாதவ்தான். அவளை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் மீசை முடியைச் சீர்செய்யும் சின்ன இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பாள் எங்கள் அக்கா! ஒவ்வொரு முள்ளுக்கும் குழந்தைபோல் "ஸ்ஸ்" என்றாள். நடுவில் இந்தியில் "மாஃப் கரோ" என்றாள். சந்தைக்குப் போய்ப் பழகிய இந்தி. 'மன்னித்துவிடு' என்பது 'சில்லறை இல்லை' என்பதுபோல ஒலித்தது. ஜாதவ் முள்ளைப் பார்த்துக்கொண்டே, "மீ பண்" என்றார். நானும்தான் என்று அர்த்தமாம்.

அதன்பிறகு புதுச் சண்டை ஆரம்பித்தது. இடம் உங்களுக்கு என்றார் அத்தான். ஸ்கூட்டர்தான் வெயிலில் சூடாகும், நீங்களே வையுங்கள் என்றார் ஜாதவ். விட்டுக்கொடுப்பதில் தோற்கக்கூடாது என்ற வீம்பு அவருக்கு. குரல்கள் உயர்ந்தன. இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடிக்காரர் வந்து, மிச்சத் தொட்டிகளை ஒதுக்கி, தன் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அல்வாவை நாங்கள் நின்றபடியே தின்று தீர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. கடைகளுக்கு மேல் இருந்த அந்தச் சபையின் மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல்பாதியை அறுத்துவிட்டு நிரப்பி வைத்திருந்தார்கள். அக்கா அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். எங்கள் ஊர்ச் சபையில் தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்தால் முடிந்தது. அத்தான் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நின்றார். சபையார் சுற்றி நின்றார்கள். பின்வரிசையில் இஸ்திரி போட்ட கோட்டில் ஜாதவ்.

தொட்டிக்குள் காலை வைப்பதற்கு முன் அத்தான் படிக்கட்டுக் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கட்கியில் இருந்து வர வேண்டியவர் வரவில்லை. அத்தான் உதட்டை அழுத்திக்கொண்டு உள்ளே இறங்கினார்.

"இயேசு கிறிஸ்துவே உங்கள் ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறீர்களா?"

"ஆமா" என்றார் அத்தான். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். "இனிமே அவருதான். எனுக்கு சில நேரம் காது கேக்காது, அவரு கொஞ்சம் சத்தமா சொல்லட்டும்."

அதற்கு ஞானஸ்நான முறைமைப் புத்தகத்தில் பதில் இல்லாததால் பாஸ்டர் அவரைப் பின்னால் சாய்த்தார். அத்தான் கனத்த மனிதர். தலை உள்ளே போனதும் முழங்கால்கள் வெளியே வந்தன. முழங்கால்களை அழுத்தினால் தலை வந்தது. தண்ணீர் பொங்கி வழிந்து, ஓரமாகக் கழற்றி வைத்திருந்த செருப்புகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் கிளம்பியது.

பின்வரிசையில் இருந்து ஜாதவ் அணிவகுப்புக் குரலில் கத்தினார். "இன்னும் கீழே! முட்டி தெரியுது! விடாதீங்க!"

மூன்றாவது முயற்சியில் முழுவதும் மூழ்கினார். எழுந்தபோது இருமினார், தும்மினார், சிரித்தார். சபை பாட ஆரம்பித்தது. அக்காவால் பாட முடியவில்லை. முள் குத்திய விரல்களால் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷம் காத்திருந்தவள், இப்போது அவர் தொட்டியை விட்டு இறங்கக்கூடப் பொறுக்காமல், தானே தொட்டிக்குள் எட்டி அவர் தலையைத் துவட்டினாள். நான் பாடினேன். செருப்பைத் தேடிக்கொண்டே பாடினேன்.

திங்கட்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். விமானப்படை இருக்கும் லோஹேகாவ் என் கோட்டை, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஜாதவ் காரை எடுத்தார். முன்னால் அக்கா, பின்னால் நானும் அத்தானும். நேரத்தை மிச்சம் பிடிக்க அவர் ஒரு குறுக்குச் சந்தில் நுழைந்தார். நடுச்சந்தில் எதிரே ஒரு கார் வந்து மூக்கோடு மூக்காக நின்றது. இருபக்கமும் சுவர். நாங்கள்தான் முதலில் நுழைந்தவர்கள். அது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காருக்குப் பின்னால் நாலடியில் விலக இடம் இருந்தது. எங்களுக்கோ சந்து முழுவதும் பின்னால் போக வேண்டும். ஜாதவ் ஹாரனில் கையை வைத்தார். எதிராளியும் வைத்தான். ஜாதவ் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எதிராளி செய்தித்தாளை விரித்தான்.

அக்கா கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவளுடைய தாடை இறுகுவதைப் பின்னாலிருந்தே பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த தாடை. சண்டைக்கு இறங்கப்போகிறாள், விமானம் போனதுதான் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடினாள். திறந்தாள். ஜாதவ் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இந்தியில், "பாய் ஸாஹேப், பீச்சே லோ" என்றாள். பின்னால் எடுங்கள்.

ஜாதவ் திகைத்துப் போனார். "நாம ஏன் எடுக்கணும்? நம்ம பக்கம்தானே நியாயம்?"

அக்காவுக்கு இந்தி தீர்ந்துவிட்டது. பெருமூச்சு விட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"அதான் எனக்கும் புரியல. ஆனா எடுங்க."

ஜாதவுக்குத் தமிழ் தெரியாது. ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி, கழுத்தை வளைத்து, சந்து நெடுக முணுமுணுத்துக்கொண்டே பின்னாலேயே போனார். எதிரே வந்தவன் எங்களைக் கடக்கும்போது நன்றிகூடச் சொல்லவில்லை.